கரி குடித்த நஞ்சு எங்கே போகும்?

(திருவொற்றியூரில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இந்த மேசையில் உள்ள கண்ணாடிக் குவளையைப் பாருங்கள். அரைக் குவளைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கரைத்திருக்கிறேன். வெளிர் நீலமாகத் தெரிகிறதல்லவா? மயில்துத்தம் தாமிரத்தின் உப்பு. அந்த நீலம் தாமிரத்தின் நிறம். பக்கத்துத் தட்டில் இருப்பது உமிக்கரி. செங்குன்றம் அரிசி ஆலையில் வாங்கிய உமியை மூடிய தகர டப்பாவில் போட்டு, காற்று புகாமல் நான் சுட்டு எடுத்தது. இதில் இரண்டு கைப்பிடி அள்ளிக் குவளையில் போடுகிறேன், கலக்கி விடுகிறேன். அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யட்டும். சற்று நேரம் கழித்து அதனிடம் திரும்பி வருவோம்.

கரி நமக்குப் புதிய பொருள் இல்லை. உமிக்கரியால் பல் விளக்கியவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். கூழாங்கல், மணல், கரி என்று பானைகளை அடுக்கித் தண்ணீர் வடித்த வீடுகள் இருந்தன. இராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுவது இன்றும் நடக்கும் தொழில். இன்று ஆராய்ச்சியாளர்கள் உயிர்க்கரி என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உமி, தேங்காய் ஓடு, கருவேல விறகு என்று எதுவானாலும் சரி, காற்று சரியாகப் புகாத கலத்தில் 350 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினால் அது எரிந்து சாம்பலாகாமல் கரியாக நின்றுவிடும். அடுப்புக்கரியை எரிப்பதற்காகச் சுடுகிறோம். உயிர்க்கரியை மண்ணில் இடவும் தண்ணீர் வடிக்கவும் சுடுகிறோம். அவ்வளவுதான் வேறுபாடு.

இந்தக் கரிக்கு உலோகத்தைப் பிடிக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? ஒரு துண்டை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் தேன்கூடு மாதிரி கண்ணறைகள் தெரியும். நன்றாகச் சுட்ட கரியில் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்துப் போட்டால் நூறு சதுர மீட்டரைத் தாண்டும். அந்தப் பரப்பின் பல இடங்களில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. தண்ணீரில் கரைந்த ஈயம், காட்மியம், தாமிரம், துத்தநாகம் எல்லாம் நேர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்கின்றன. கரியில் ஏற்கெனவே இருக்கும் கால்சியமும் பொட்டாசியமும் இடத்தைக் காலி செய்ய, ஈயம் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. கரியோடு கலந்திருக்கும் சாம்பலின் பாஸ்பேட்டும் கார்பனேட்டும் சில உலோகங்களைக் கரையாத வண்டலாகப் படிய வைக்கின்றன. மலிவான பொருள், சுலபமான வழி. அதனால்தான் உலகம் முழுக்க இதைப் பற்றி இவ்வளவு பேச்சு.

ஆனால் ஒரு கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. தண்ணீரிலிருந்த நஞ்சு கரிக்குள் போய்விட்டது. சரி, அந்தக் கரி எங்கே போகும்?

இந்தக் கேள்வியை எழுப்ப வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஏனென்றால் நமக்குக் கிடைத்த தீர்வுகளில் பல, தொல்லையின் முகவரியை மட்டும் மாற்றியவை. இராயபுரத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கிய காலத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட துணி கறுத்துப் போகும். மக்கள் போராடினார்கள், வழக்கு நடந்தது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவோடு அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. இராயபுரம் மூச்சு விட்டது, நல்லது. அந்த நிலக்கரி எண்ணூருக்குப் போனது. தூசும் கூடவே போனது.

நிலக்கரி எரிந்தால் சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்படும் வரை எரித்தது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், அதை அடுத்து வல்லூர். சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகின. கொசஸ்தலை ஆற்றின் சேற்றின் மேல் சாம்பல் படுகை படுகையாகப் படிந்தது. ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். முன்பு கால் வைத்தால் இளகும் சேறு, இப்போது சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது என்பார்கள். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், குரோமியம், பாதரசம் எல்லாம் சிறு அளவில் உண்டு. சிறு அளவுதான், ஆனால் சாம்பலின் அளவு சிறிதில்லையே! இந்த மாசைப் பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் உத்தரவு பிறப்பித்தது. எண்ணூர்ச் சதுப்பு நிலத்தைச் சீர்செய்ய வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு அரசுக் கோப்புகளிலும் ஏறியது. சீர்செய்யும் வழிகளைத் தேடுவோர் உயிர்க்கரியின் பெயரையும் சொல்வார்கள். அப்போது நாம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: உலோக மாசு எண்ணெய் மாசு மாதிரி இல்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் பிளாஸ்டிக் வாளியில் எண்ணெய்ச் சேற்றை அள்ளினார்கள். அள்ளிய சேற்றைக் குழியில் போட்டு, நுண்ணுயிர்களை விட்டுச் சிதைக்கப் பார்த்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகம் முழுக்கப் பரவியது. அப்போதும் மீனவர்கள்தான் கையால் அள்ளினார்கள். எண்ணெய் கொடுமையான மாசு. ஆனாலும் அதைத் தின்னும் நுண்ணுயிர் உலகில் இருக்கிறது, காலப்போக்கில் சிதையும். ஈயத்தைத் தின்று செரிக்கும் உயிர் எதுவும் கிடையாது. ஈயம் தனிமம். எரித்தாலும் புதைத்தாலும் நூறு ஆண்டு கழித்துத் தோண்டினாலும் ஈயம் ஈயமாகவே இருக்கும். அதை நாம் அழிக்க முடியாது. எங்கே வைக்கிறோம், யார் காவலில் வைக்கிறோம் என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

இப்போது குவளையைப் பார்ப்போம். வடிதாளில் வடிக்கிறேன். தெளிந்த தண்ணீர், நீலம் போய்விட்டது. கை தட்டுகிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள். வடிதாளில் தங்கிய கரியை வேறொரு குவளையில் போட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன். நிறம் ஏதும் இல்லை. இதோ எலுமிச்சை உப்பு, நம் வீட்டுச் சமையலறையில் இருப்பது. ஒரு கரண்டி போட்டுக் கலக்குகிறேன். மறுபடியும் வடிக்கிறேன். பார்த்தீர்களா? நீலம் திரும்பி வந்துவிட்டது. கரி தாமிரத்தைக் கொல்லவில்லை. கையில் வைத்திருந்தது, புளிப்பு வந்து கேட்டதும் கொடுத்துவிட்டது.

இந்த மேசையில் நடந்தது மண்ணிலும் நடக்கும். அமிலம் கலந்த கழிவுநீர் பட்டால் நடக்கும். குப்பை மேட்டில் உணவுக் கழிவு அழுகும்போதும் புளிப்பு ஊறும். கொடுங்கையூர் மாதிரி ஒரு மேட்டில் நஞ்சு குடித்த கரியைக் கொட்டினால், அதைத் திரும்பக் கேட்பதற்கு அங்கே ஆள் தயாராக இருக்கிறது என்று பொருள். எண்ணூரில் இன்னொரு சேதியும் உண்டு. கழிமுகத்துத் தண்ணீர் ஆறு மணி நேரம் உப்பாக ஏறி, ஆறு மணி நேரம் இறங்கும். உப்புநீரின் குளோரைடு காட்மியத்தோடு கைகோத்துக்கொண்டு அதைக் கரியிலிருந்து பிரித்து இழுக்கும். சோடியமும் மக்னீசியமும் கரியில் இடம் கேட்டு நெருக்கும். ஆகவே நன்னீரில் செய்த சோதனையைக் காட்டி, இந்தக் கரி உலோகத்தை விடாது என்று யாராவது சொன்னால், எண்ணூர்த் தண்ணீரில் ஏற்ற வற்றத்தோடு வைத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஆர்செனிக் இன்னொரு சிக்கல். அது பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தோடு திரிவதால் சாதாரணக் கரியில் ஒட்டாது, இரும்பு ஏற்றிய கரி வேண்டும். எல்லா நோய்க்கும் ஒரே சூரணம் என்பது இங்கே செல்லாது.

இனி ஒரு கணக்கு. ஒரு கிலோ கரி 20 கிராம் ஈயம் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்கிறேன், கரிக்குக் கரி இது மாறும். நகரக் குப்பையிலிருந்து செய்யும் உரத்தில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம்தான் இருக்கலாம் என்பது நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு வரம்பு. நம் கரியில் இருப்பது 20,000 மில்லிகிராம், வரம்பைப் போல் 200 மடங்கு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த ஒரு கிலோ கரி பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டால் 20 லட்சம் லிட்டர் தண்ணீர் வரம்பைத் தொட்டு நிற்கும். 9,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் இருநூறு லாரிக்கும் மேல். குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே முதலில், செய்யவே கூடாதவை. உயிர்க்கரி மண்ணுக்கு நல்லது என்ற பேச்சை நம்பி, நஞ்சு குடித்த கரியை வயலிலோ மாடித் தோட்டத்திலோ இடக் கூடாது. நல்ல கரிக்குப் பொருந்தும் பேச்சு இதற்குப் பொருந்தாது. அடுப்பில் போடக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. மூட்டையில் கட்டி மலிவு விலையில் கொடுத்தால் இஸ்திரி வண்டிக்கும் டீக்கடை அடுப்புக்கும் போய்விடும். பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும், காட்மியம் 767 டிகிரியில். கனன்று சிவந்த கரியின் சூட்டில் இவை ஆவியாகி, அடுப்பு ஊதுபவரின் மூச்சுக்குள் போகும். குரோமியம் பிடித்த கரியைச் செங்கல் சூளையில் போடுவதும் ஆபத்து. கொடிய ஆறு இணைதிறக் குரோமியத்தைச் சாதுவான மூன்று இணைதிறக் குரோமியமாக மாற்றும் நல்ல குணம் கரிக்கு உண்டு. அதையே சுண்ணாம்போடு சேர்த்துக் காற்றில் வறுத்தால் மறுபடியும் கொடியதாக மாறும். இராணிப்பேட்டைக் குரோமேட் ஆலை தாதுவை இப்படித்தான் வறுத்தது. ஆலை 1990-களில் மூடியது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு அங்கேயே மலையாக நின்றுவிட்டது.

அப்படியானால் பாதுகாப்பாக மறுபடி பயன்படுத்த வழி உண்டா? உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

முதல் வழி, அலசி எடுப்பது. எலுமிச்சை உப்பு இப்போது செய்த வேலையைத்தான் ஆலையில் நீர்த்த அமிலம் செய்யும். உலோகம் அமிலத்துக்கு வரும், கரி மீண்டும் வேலைக்குப் போகும். ஒவ்வொரு அலசலிலும் கரியின் பிடிப்பு குறையும், சில சுற்றுகளுக்குப் பிறகு ஓய்ந்துவிடும். அலசிய அமிலத்தைச் சாக்கடையில் விட்டால் கதை பழையபடி தொடங்கும். இந்த வழி நன்றாகப் பலிக்கும் ஓர் இடம், உலோக முலாம் பூசும் பட்டறை. அங்கே நிக்கல் தொட்டியின் கழுவுநீரில் நிக்கல்தான் பெரும்பங்கு. அந்தத் தொட்டியின் வாசலிலேயே கரியை வைத்துப் பிடித்து, அமிலத்தில் அலசி, நிக்கலை மீட்டுவிடலாம். நஞ்சு சரக்காகத் திரும்புகிறது. அதே நிக்கல் கால்வாயில் இறங்கி, ஈயத்தோடும் காட்மியத்தோடும் எண்ணெயோடும் கலந்து கழிமுகத்துக்கு வந்த பிறகு பிடித்தால், அதைப் பிரித்து எடுப்பது குதிரைக் கொம்பு. எனவே நான் அழுத்திச் சொல்வது இதுதான்: குழாய் வாயிலேயே பிடிக்க வேண்டும். ஆற்றின் வாய் வரை வரவிட்டு, பிறகு கரியைத் தேடக் கூடாது.

இரண்டாம் வழி, பிடித்த உலோகத்தையே வேலைக்கு வைப்பது. தாமிரமோ இரும்போ ஏறிய கரி, சாயக் கழிவு போன்றவற்றைச் சிதைக்கும் வினையூக்கியாக வேலை செய்கிறது. மின்தேக்கியின் மின்முனையாகவும் சோதித்துப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத்து மேசை அளவில் நடப்பவை. ஈயம், காட்மியம் போன்றவற்றில் இந்த வழியை எடுத்தால், அந்தப் பொருள் தேய்ந்த பிறகு எங்கே போகும் என்ற கேள்வி மறுபடியும் வாசலில் நிற்கும்.

மூன்றாம் வழி, பூட்டி வைப்பது. சிமென்ட் சூளையில் சுமார் 1,450 டிகிரியில் ஈயம் போன்ற பல உலோகங்களின் பெரும்பகுதி கிளிங்கர் என்ற சூளைக் கட்டிக்குள் இறுகிவிடும். கரியின் எரிசக்தியும் சூளைக்கு உதவும். ஆனால் பாதரசம் புகைபோக்கி வழியே ஓடிவிடும், ஆகவே பாதரசக் கரிக்கு இந்தப் பாதை மூடப்பட வேண்டும். சிமென்டும் சாம்பலும் சேர்த்துக் குழைத்துக் கட்டியாக்கவும் முடியும். சுண்ணாம்புத் தன்மை அளவு மீறினால் ஈயம் மறுபடியும் கரையும் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு குழைக்கக் கூடாது. இந்த வழிகள் எதற்கும் ஆகாத கரிக்குக் கடைசி இடம், கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற, அடியில் விரிப்பும் கசிவுநீர் வடிகாலும் உள்ள அபாயக் கழிவுக் கிடங்கு. கசியும் அந்த நீரைக் காலமெல்லாம் யாராவது கண்காணிக்க வேண்டும்.

எந்தக் கரிக்கு எந்த வழி என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் அதற்கு ஒரு கோடு போட்டிருக்கின்றன. கழிவைக் காடி அமிலம் கலந்த நீரில் பல மணி நேரம் சுழற்றிப் பார்ப்பார்கள். கசியும் ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராமையோ, காட்மியம் 1 மில்லிகிராமையோ, பாதரசம் 0.2 மில்லிகிராமையோ தொட்டால் அது அபாயக் கழிவு. நம் ஊருக்கு இதோடு கடல்நீர்ச் சோதனையும் வேண்டும் என்பது என் கோரிக்கை.

செலவை யார் ஏற்பது? வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தோல் பதனிடும் ஆலைகளின் மாசை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். தமிழ்நாட்டு மண்ணில் பிறந்த தீர்ப்பு அது. கரி சுடும் செலவோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடாது. கரியின் கடைசி நாள் வரைக்கும் உள்ள செலவும் அதில் அடங்கும். 2017-இலும் 2023-இலும் வெறும் கையோடு சேற்றில் இறங்கியது யார் என்பது நமக்குத் தெரியும். நாளைக்குக் கரியை அள்ளும் வேலை வந்தால், அது சுய உதவிக் குழுப் பெண்களின் கையில்தான் வந்து விழும். அப்போது கையுறை, முகக்கவசம், இரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனை, இவை மூன்றும் கூலியோடு சேர்ந்து வர வேண்டும். கரித்தூள் காற்றில் பறக்கும் பொருள். நஞ்சு குடித்த தூளை நனைத்து, மூடித்தான் கையாள வேண்டும்.

நம் தெருவுக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால் ஐந்து கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரி எந்த உலோகத்தைப் பிடிக்கிறது, எவ்வளவு? நம் உப்புநீரில் வைத்துப் பார்த்தீர்களா? எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுவீர்கள்? மாற்றிய மூட்டையை யார் வண்டியில், எந்த இடத்துக்கு அனுப்புகிறீர்கள்? அந்தக் கணக்குப் புத்தகத்தை நாங்கள் பார்க்கலாமா? ஐந்துக்கும் பதில் இருந்தால் நானே முன்னால் நின்று வரவேற்பேன். உயிர்க்கரியை எதிர்க்க நான் இங்கே வரவில்லை. முள்ளுக்காடாகப் படர்ந்த கருவேலமும் ஆலையில் மிஞ்சும் உமியும் நம் தண்ணீரைக் காக்கும் என்றால் அதைவிட நல்லது என்ன இருக்கிறது? நல்ல கருவியை அரைகுறையாகப் பயன்படுத்தி, இன்னொரு சாம்பல் குளத்தை நம் தலையில் கட்டிவிடக் கூடாதே என்ற கவலைதான்.

கடைசியாக, இந்தக் குவளைகள். பேசி முடித்ததும் இதைப் பின்பக்கக் கழிவுத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போவது சுலபம். சிட்டிகைத் தாமிரம்தானே என்று தோன்றும். இதோ ஒரு மூடி போட்ட பாட்டில் கொண்டு வந்திருக்கிறேன். கரியையும் நீலத் தண்ணீரையும் வடிதாளையும் இதில் போடுகிறேன். மேலே ஒட்டிய சீட்டில் எழுதுகிறேன்: தாமிரம், உமிக்கரி, இன்றைய தேதி, என் பெயர். ஆய்வகத்து உலோகக் கழிவுப் பெட்டிக்கு இது என் கையாலேயே போகும். தம்பி, நீ முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து இந்தச் சீட்டை ஒருமுறை உரக்கப் படி. படித்தாயா? இனி இந்த பாட்டில் தொலைந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஆலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு கரி மூட்டையிலும் இப்படி ஒரு சீட்டு இருக்க வேண்டும், அதைப் படிக்க ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.